முதல் துளி ஏன் தயங்குகிறது?

பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. நம் வயதுக்காரர்களில் அறிவியல் பிரிவு எடுத்தவர்கள் பி.யு.சி.யிலோ பட்டப்படிப்பிலோ அதைக் கட்டாயம் செய்திருப்பீர்கள். விரல் நுனியில் ஒட்டிய பழுப்புக் கறை நாலு நாள் போகாமல் இருந்ததும் நினைவிருக்கும். அந்தச் சோதனையில் கூம்புக்குடுவை நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது. வருஷா வருஷம், தமிழ்நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும், ஒரே கேள்வி. அந்தக் கேள்வி மாணவன் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதைத்தான் நம் ஆய்வகங்கள் இன்று மிகத் திறமையாகச் செய்துகொண்டிருக்கின்றன. இது என் குற்றச்சாட்டு. முப்பத்து நான்கு வருஷம் அரசுப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

அறிவியல் பக்கம் போகாதவர்களுக்காகச் சோதனையை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பிப்பெட்டால் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலக் கரைசலை எடுத்துக் கூம்புக்குடுவையில் விட வேண்டும். அதோடு ஏறக்குறைய அதே அளவு நீர்த்த கந்தக அமிலம். பிறகு 60, 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும். கொதிக்க விடக்கூடாது, ரொம்பச் சூடேறினால் ஆக்சாலிக் அமிலமே சிதைந்துவிடும். ப்யூரெட்டில் கத்தரிப்பூ நிறத்தில் பெர்மாங்கனேட். குழாயைத் திருகி முதல் துளியை விடுகிறோம். நிறம் போகவில்லை. குடுவையைச் சுழற்றுகிறோம். இன்னும் போகவில்லை. மனசுக்குள் பத்து எண்ணுவதற்குள்ளோ, இருபது எண்ணுவதற்குள்ளோ நிறம் மெல்லக் கரைந்து கண்ணாடி போலத் தெளிகிறது. இரண்டாவது துளி கொஞ்சம் சீக்கிரம் போகிறது. ஐந்தாறு துளிக்குப் பிறகு விழுந்த கணமே நிறம் மறைகிறது. அதற்கப்புறம் தாரையாகவே விடலாம். கடைசியில் ஒரு துளி மட்டும் நிறம் மாறாமல் இளஞ்சிவப்பாக நின்றுவிடும். அதுதான் முடிவுநிலை. அளவைக் குறித்துக்கொள்ள வேண்டியது.

இப்போது கேள்வி. அதே பெர்மாங்கனேட், அதே ஆக்சாலிக் அமிலம், அதே சூடு. முதல் துளி மட்டும் ஏன் தயங்குகிறது? நியாயப்படி பார்த்தால் முதல் துளி விழும்போதுதான் ஆக்சாலிக் அமிலம் அதிகமாக இருக்கிறது. சூடும் அப்போதுதான் அதிகம். போகப்போக அமிலம் குறைகிறது, சூடும் ஆறுகிறது. வினை மந்தமாக வேண்டியதுதானே? நேர்மாறாக வேகம் எடுக்கிறதே!

பதிலை நம் வீட்டுப் பெண்கள் தினமும் ராத்திரி செய்து காட்டுகிறார்கள். காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டால் காலையில் தயிர். விடாவிட்டால் பால் பாட்டுக்குக் கிடக்கும். முதல் துளி விழும்போது குடுவையில் உறை இல்லை, அவ்வளவுதான். பெர்மாங்கனேட்டில் இருக்கும் மாங்கனீஸ் ஏழு என்ற ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது. அமிலத்தில் அது ஐந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு இரண்டு என்ற நிலைக்கு இறங்குகிறது. ஐந்தும் ஒரே தாவலில் கைமாறுவதில்லை; படிப்படியாகத்தான் நடக்கிறது. முதல் துளி தட்டுத்தடுமாறி வினைபுரிந்து முடிக்கும்போது கொஞ்சம் மாங்கனீஸ் இரண்டாம் நிலை அயனியாகக் குடுவையில் தங்குகிறது. அடுத்து வரும் பெர்மாங்கனேட்டோடு அது சேர்ந்தால் இடைநிலை மாங்கனீஸ், முக்கியமாக மூன்றாம் நிலை அயனி, உண்டாகிறது. அந்த மூன்றாம் நிலை அயனி ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு அணைவாகி, பிறகு உடைந்து, கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துவிடுகிறது. வினையில் பிறந்த பொருளே வினையை விரட்டுகிறது. தன் வினைவேக மாற்றி என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வருமே, அது இதுதான். 1890-ல் இதற்குப் பெயர் வைத்தவர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். பின்னால் 1909-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

அவருக்கும் முன்பே இந்தக் கேள்விக்குப் பின்னால் போனவர்கள் உண்டு. ஆக்ஸ்போர்டில் வெர்னான் ஹார்கோர்ட் என்ற வேதியியல்காரரும் வில்லியம் எஸ்ஸன் என்ற கணிதக்காரரும் கூட்டுச் சேர்ந்து, வினையின் வேகத்துக்கும் பொருள்களின் அளவுக்கும் என்ன சம்பந்தம் என்று தேடினார்கள். 1866-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட வினை எது தெரியுமா? நம் பிளஸ் டூ பிள்ளைகள் செய்கிற இதே ஆக்சாலிக் அமிலமும் பெர்மாங்கனேட்டும்தான். மாங்கனீஸ் உப்பைக் கூட்டியும் குறைத்தும் வேகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். வினைவேகவியல் என்கிற துறைக்கே அஸ்திவாரம் போட்ட சில ஆய்வுகளில் அதுவும் ஒன்று. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. அந்தக் குடுவை இன்றைக்கும் நம் ஊர்ப் பள்ளியின் மேசைமேல் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்கிறது. நாம் பதில் சொல்வதில்லை என்பது பழைய விஷயம். கேள்வியையே கேட்க விடுவதில்லை என்பதுதான் இப்போதைய விஷயம்.

எப்படி என்று கேட்கிறீர்களா? இன்றைய செய்முறைத் தேர்வில் மாணவனுக்கு வேண்டியது ஒரே ஒரு எண். டைட்டர் வேல்யூ. அது தேர்வுக்கு முன்பே காற்றில் மிதந்து வந்துவிடும். ஒரு பள்ளியில் ரசாயன அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு இடத்தில் முதல் பேட்ச் வெளியே வரும்போதே ‘பதினெட்டு புள்ளி ஆறு’ என்று சொல்லிக்கொண்டே போனார்கள். எண் தெரிந்த பிறகு ப்யூரெட் எதற்கு? பதினெட்டு வரை சர்ரென்று திறந்துவிட்டு, கடைசி நாலு துளியை மட்டும் பவ்வியமாக விட்டால் போதும். முதல் துளியாவது, தயக்கமாவது. அது தயங்குவதற்குள் பத்து மி.லி. உள்ளே போய்விடும். சில சமயம் அவசரத்தில் குடுவை பழுப்பாகிவிடும். அமிலம் போதாமலோ சூடு போதாமலோ மாங்கனீஸ் பாதி வழியில் டை ஆக்சைடாக நின்றுவிட்டது என்று அர்த்தம். அதுவும் ஒரு பாடம். அதையும் தொட்டியில் கொட்டிவிட்டு, ‘வேற எடுத்துக்கோ’ என்று சொல்லிவிடுவார்கள்.

புறத்தேர்வாளராகப் போன ஓர் இடத்தில் நடந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். ஒரு பையன் முதல் துளியை விட்டுவிட்டு அசையாமல் குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் இருந்த ஆசிரியர், “என்னடா வேடிக்கை பாக்கற? சீக்கிரம் ஊத்துடா, அடுத்த பேட்ச் வெளியில நிக்குது” என்றார். பையன் என்னைப் பார்த்தான். “சார், மொதத் துளி மட்டும் ஏன் சார் லேட்டா போகுது?” என்றான். அந்த அறையில் அன்று வேதியியல் செய்துகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். மற்ற பேர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதுவும் விடை தெரிந்த கணக்கு. தேர்வு முடிந்ததும் அவனை நிறுத்தி விளக்கினேன். ஆனால் மதிப்பெண் பட்டியலில் அந்தக் கேள்விக்கென்று ஒரு கட்டம் இல்லை. விளக்கப்படத்துக்கு இத்தனை, செய்முறைக்கு இத்தனை, கணக்கீட்டுக்கு இத்தனை, பதிவேட்டுக்கு இத்தனை. ‘ஏன்’ என்று கேட்டதற்குச் சுழியம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். நல்ல மனசுக்காரர்களிடமிருந்துதான் வரும், அதனால் மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். “ஏழைப் பிள்ளைகள் சார். ஜமுனாமரத்தூரிலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் வருகிற பிள்ளைகள். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறார்கள். செய்முறை மதிப்பெண்ணில் கைவைத்தால் அவர்கள் கதி என்ன?” என்பார்கள். மதிப்பெண்ணில் கைவைக்கச் சொல்லி நான் எங்கே சொன்னேன்? முன்பு 200-க்கு 50 செய்முறைக்கு இருந்தது. இப்போது 100-க்கு செய்முறை 20, அகமதிப்பீடு 10. தாராளமாகக் கொடுங்கள். ஆனால் மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டுப் பாடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது எந்த ஊர் தர்மம்? பட்டணத்துப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது, வீட்டில் படித்த அப்பா அம்மா இருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைக்கு அந்த ஆய்வகம் மட்டும்தான் இருக்கிறது. அங்கே அந்த அரை மணி நேரத்தில் கிடைக்காதது அப்புறம் எங்கும் கிடைக்காது. கல்லூரிக்குப் போய் முதல் வருஷமே திணறுகிறவர்கள் யார் என்று விசாரித்துப் பாருங்கள். இரக்கம் என்ற பெயரில் நாம் பறித்துக்கொண்டது அவர்களிடமிருந்துதான்.

இரண்டாவது பதில் இளைய ஆசிரியர்களிடமிருந்து வருகிறது. “எல்லாம் இப்போ ஸ்மார்ட் போர்டில் காட்டிவிடலாம் சார். அனிமேஷன் இருக்கிறது.” நானும் சிலவற்றைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. பல படங்களில் முதல் துளி விழுந்த உடனே நிறம் போய்விடுகிறது! படம் வரைந்தவருக்குத் தயக்கம் இருப்பதே தெரியாது போலிருக்கிறது. உண்மையான குடுவை யாருக்கும் பயப்படாது. அதன் இஷ்டத்துக்குத்தான் நடக்கும். அந்த முரண்டுதான் ஆசிரியர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார்கள். திரைச் சுரைக்காய் மட்டும் உதவிவிடுமா?

சரி, பள்ளிக்கூடம்தான் இப்படி, கல்லூரியில் வேகவியல் தழைத்தோங்கியதே என்பீர்கள். ஓங்கியது உண்மைதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் எம்.ஃபில். செய்த வேதியியல்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்தில் பலர், ‘இன்ன சேர்மத்தை, இன்ன உலோக அயனியால், அமில ஊடகத்தில் ஆக்சிஜனேற்றம் செய்ததன் வேகவியல்’ என்றுதான் தலைப்பைச் சொல்வார்கள். ஆக்சிஜனேற்றி பெர்மாங்கனேட்டாகவோ குரோமிக் அமிலமாகவோ சீரியமாகவோ இருக்கும். எதிரே ஓர் ஆல்கஹாலோ ஆல்டிஹைடோ அமினோ அமிலமோ இருக்கும். ஒரு நிறமானியும் வெப்பநிலைத் தொட்டியும் நிறுத்து கடிகாரமும் இருந்தால் வேலை ஆரம்பித்துவிடலாம். நிறம் குறைவதை நிமிஷா நிமிஷம் குறித்து, நாலு வெப்பநிலையில் செய்து, வரைபடம் போட்டு, ஆற்றல் கணக்கிட்டு, அக்ரைலோநைட்ரைல் ஊற்றித் தனி உறுப்பு இருக்கிறதா என்று பார்த்து, கடைசி அத்தியாயத்தில் ஒரு வினைவழிமுறை எழுதினால் ஆய்வேடு தயார். அடுத்த மாணவர் வளையத்தில் ஒரு மீதைல் தொகுதிக்குப் பதில் குளோரினைப் போட்டு அதையே திரும்பச் செய்வார். அதற்கடுத்தவர் கரைப்பானை மாற்றுவார். பள்ளி ஆசிரியர்களுக்கு எம்.ஃபில். முடித்தால் ஊக்க ஊதிய உயர்வும் இருந்தது. அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

இதை வைத்து ‘நிறுத்து கடிகார ஆராய்ச்சி’ என்று கிண்டல் செய்கிறவர்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. கருவி எளியது என்பதால் ஆராய்ச்சி மட்டமாகிவிடாது. 1940-களில் சிகாகோவில் வெஸ்ட்ஹைமர் என்பவர் இதே வகை வினையைத்தான் ஆராய்ந்தார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் குரோமிக் அமிலம் அசிட்டோனாக மாற்றுகிறது. எந்தப் பிணைப்பு உடையும்போது வினை திணறுகிறது? இதுதான் அவர் கேள்வி. ஆல்கஹால் தொகுதி இருக்கும் கார்பனில் உள்ள ஹைட்ரஜனை மட்டும் எடுத்துவிட்டு, கனமான டியூட்டீரியத்தை வைத்தார். வேகம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த ஹைட்ரஜன் பிணைப்பு உடைவதுதான் தாமதமான படி என்று வெட்டவெளிச்சமாகிவிட்டது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைக் கடிகாரத்தால் பார்த்தார் மனுஷர். நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் சாந்தப்பாவும் அவர் மாணவர்களும் சீரியம் போன்ற உலோக அயனிகள் பலபடியாக்கலை எப்படித் தொடங்கி வைக்கின்றன என்று வேகவியல் வழியாக ஆராய்ந்து உலக இதழ்களில் எழுதினார்கள். பின்னால் அவர் அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநராகவும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவும் இருந்தார். அங்கே கேள்வி இருந்தது. அதனால் கடிகாரத்துக்கு மரியாதை இருந்தது.

பிற்காலத்து ஆய்வேடுகள் பலவற்றில் கடிகாரம் மிஞ்சியது, கேள்வி போய்விட்டது. இந்தச் சேர்மத்தை ஏன் எடுத்தாய் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், ‘இதுவரை யாரும் எடுக்கவில்லை’ என்று பதில் வரும். நம் ஊர் மலையைச் சுற்றி யாரும் இதுவரை பின்பக்கமாக நடக்கவில்லை என்பதால் பின்பக்கமாக நடந்து பட்டம் வாங்கிவிட முடியுமா? 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். படிப்பையே எடுத்துவிட்டது. அதோடு அந்த ஆய்வேடுகளின் காலமும் பெரும்பாலும் முடிந்தது. நான் கண்ணீர் விடவில்லை. ஆனால் படிப்பு போனதோடு விஷயமும் போய்விடக்கூடாதே என்பதுதான் என் கவலை. முதல் துளியைக் கவனிக்காமல் பள்ளியை முடித்தவர்தான், கேள்வி இல்லாமல் ஆய்வேட்டை முடித்தார். நோய் ஒன்றுதான்.

“சரி ஐயா, முதல் துளி தெரியாமல் போனால் என்ன குடிமுழுகிவிட்டது?” என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பதிலுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். வேலூர் தாண்டி ராணிப்பேட்டை வரை போனால் போதும். 1989-க்கு முன்பு நாம் எல்லாரும் ஒரே வடஆற்காடு மாவட்டம்தானே.

தோலைப் பதனிடக் குரோமிய உப்பு வேண்டும். அதைத் தயாரிக்கப் பழைய முறை ஒன்று உண்டு. டைகுரோமேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து, வெல்லப்பாகோ குளுக்கோஸோ சேர்ப்பார்கள். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். கரிமச் சேர்மத்தை உலோக அயனி அமிலத்தில் ஆக்சிஜனேற்றம் செய்கிறது. ஆய்வேடுகளில் வந்த அதே வினை, இங்கே வயிற்றுப்பாட்டுக்கு நடக்கிறது. ஆரஞ்சில் இருக்கும் ஆறாம் நிலைக் குரோமியம் கடும் நஞ்சு, புற்றுநோய் தரக்கூடியது. பச்சையில் இருக்கும் மூன்றாம் நிலை அந்த அளவுக்கு ஆபத்தில்லாதது. ஆகவே பச்சையாகிவிட்டதா என்பது மட்டும் போதாது. முழுதும் மாறிவிட்டதா, எவ்வளவு நேரத்தில் மாறும் என்பது உயிர்ப் பிரச்சினை. அமிலம் குறையக் குறைய இந்த வினை மிகவும் மந்தமாகிவிடும். அமிலமே இல்லாத நிலத்தடி நீரில் ஆறாம் நிலைக் குரோமியம் அப்படியே நெடுங்காலம் தங்கிவிடும்.

தங்கித்தான் இருக்கிறது. ராணிப்பேட்டையில் எழுபதுகளில் தொடங்கித் தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவை மலை போலக் குவித்துவிட்டுப் போனது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் இறங்குவதைச் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருப்போம்! பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக வைத்திருக்கிறார்கள். சட்ட மாணவனுக்கு அது பாடம். அதே வேதியியல் பக்கத்து மாவட்டத்து வேதியியல் மாணவனுக்கு ஒரு எண்.

கழிவுநீரைச் சோதிக்கிற ஆய்வகத்துக்குள்ளும் எட்டிப் பாருங்கள். ஆலையிலிருந்து வெளியே விடும் நீரில் கரிமக் கழிவு எவ்வளவு என்று அறிய வேதியியல் ஆக்சிஜன் தேவை என்ற சோதனை செய்வார்கள். அதிலும் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும்தான். சுமார் 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் கொதிக்க விடுவார்கள். கொஞ்சம் சில்வர் சல்ஃபேட் சேர்ப்பார்கள். ஏன் இரண்டு மணி? ஏன் வெள்ளி? வெள்ளி இல்லாவிட்டால் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் போன்றவை எளிதில் வினைபுரியாது. வெள்ளி இருந்தும் பிரிடின் போன்ற சில சேர்மங்கள் அசைந்து கொடுக்காது. அதாவது அறிக்கையில் வரும் எண் வெறும் அளவு இல்லை. ‘இவ்வளவு நேரத்தில், இவ்வளவு சூட்டில், இந்த வினைவேக மாற்றியோடு’ என்ற ஒப்பந்தம் அது. ஆற்றில் விட லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை அனுமதி என்று சட்டம் சொல்கிறது. இரண்டு மணிக்குப் பதில் ஒரு மணியில் அடுப்பை அணைத்தால், 250-ஐத் தாண்ட வேண்டிய தண்ணீரும் 250-க்குள் அடங்கிவிடலாம். யாரும் பொய் எழுத வேண்டியதில்லை. அவசரப்பட்டால் போதும்.

உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு வெளிநாடுகளில் 20 டிகிரியில் ஐந்து நாள் வைப்பது வழக்கம். நம் இந்தியத் தரநிலை 27 டிகிரியில் மூன்று நாள் என்கிறது. நம் நாட்டுச் சூட்டில் வினை வேகமாக நடக்கும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். சித்திரை மாதத்துத் தோசைமாவு மத்தியானத்துக்குள் புளிப்பதும், மார்கழி மாவு மறுநாள் காலையிலும் பொங்காமல் இருப்பதும் தெரிந்த எந்தப் பாட்டிக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. அந்த யோசனைக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அப்படி யோசிக்கிற ஆள் அடுத்த தலைமுறையிலும் வேண்டாமா? ராணிப்பேட்டை சிப்காட்டிலும் செய்யாறு சிப்காட்டிலும் வேலைக்குப் போகிற கெமிஸ்டுகள் நம் பிள்ளைகள்தான். டைட்டர் வேல்யூவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு எழுதப் பழகிய கை, அங்கே போய் மட்டும் திடீரென்று நேர்மையாகிவிடுமா? அங்கேயும் மேலே இருப்பவர் ஒரு எண்ணை விரும்புவார். அதை எழுதித் தருவதற்கான பயிற்சியை அரசு செலவில் நாமே கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

ஒரு வினை நடக்குமா என்பது ஒரு கேள்வி. எப்போது நடக்கும் என்பது வேறு கேள்வி. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. கார்த்திகையில் மலை உச்சிக்குக் கொப்பரையும் நெய்யும் போகின்றன. அங்கே காற்றும் இருக்கிறது, நெய்யும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எரியும் என்பது இயற்கை. ஆனாலும் திரியும் கற்பூரமும் சேர்ந்து சுடர் தொடாத வரை நெய் நெய்யாகவே இருக்கும். ‘நடக்கக்கூடியது’ என்பதற்கும் ‘இப்போது நடப்பது’ என்பதற்கும் நடுவில் இருக்கிற அந்தத் தூரத்தை அளப்பதுதான் வேகவியல். பாலாற்றுக் குரோமியம் விஷயத்தில் நாம் தோற்றுக்கொண்டிருப்பதும் அந்த இடைவெளியில்தான்.

குற்றம் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிறவன் இல்லை நான். செலவில்லாத யோசனை ஒன்று சொல்கிறேன். ஆய்வகத்தில் மாணவன் தரம்பார்த்து முடித்ததும் குடுவையில் இருப்பதைத் தொட்டியில் கொட்டுகிறான் அல்லவா? கொட்ட வேண்டாம். அதில் மாங்கனீஸ் அயனி இருக்கிறது. அதுதான் உறைமோர். அடுத்த தரம்பார்த்தலில் இரண்டு குடுவை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே அளவு ஆக்சாலிக் அமிலம், ஒரே அளவு கந்தக அமிலம், ஒரே சூடு. ஒன்றில் மட்டும் பழைய கரைசல் ஐந்து மி.லி. சேர்க்கச் சொல்லுங்கள். மற்றதில் ஐந்து மி.லி. தண்ணீர். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு துளி பெர்மாங்கனேட். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிறம் மறையும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் ஆகாது. மாங்கனீஸ் சல்ஃபேட் பாட்டில் இருந்தால் ஒரு சிட்டிகை போட்டு இன்னும் சுத்தமாகச் செய்யலாம். அப்புறம் மோர் உப்பை எடுத்து அதே பெர்மாங்கனேட்டை விடச் சொல்லுங்கள். சூடாக்காமலே, முதல் துளியிலேயே நிறம் போய்விடும். ‘இங்கே ஏன் தயக்கம் இல்லை?’ என்று கேட்டுவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.

தேர்வுத் துறைக்கு ஒரே ஒரு விண்ணப்பம். இருபது மதிப்பெண்ணில் இரண்டை எடுத்து ‘பார்த்தது என்ன, ஏன்’ என்ற கட்டத்துக்குக் கொடுங்கள். டைட்டர் வேல்யூவைக் காதில் சொல்லிவிடலாம்; பார்த்ததைக் காதில் சொல்ல முடியாது. அதோடு ஒவ்வொரு பேட்சுக்கும் கரைசலின் செறிவைக் கொஞ்சம் மாற்றிக் கலக்குங்கள். அலமாரிக் கதவில் எழுதிய எண் அடுத்த பேட்சுக்கு உதவாமல் போகும். ஆய்வக உதவியாளர் காலிப் பணியிடங்களை நிரப்புங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அது எல்லா ஆசிரியர் சங்க மாநாட்டுத் தீர்மானத்திலும் இருக்கிறது.

வாசிக்கிற பெரியவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பிப்ரவரியில் பேரனோ பேத்தியோ செய்முறைத் தேர்வு முடிந்து வீட்டுக்கு வரும். ‘எத்தனை மார்க் வரும்?’ என்று கேட்காதீர்கள். அது எப்படியும் வந்துவிடும். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, “கண்ணு, பெர்மாங்கனேட் முதல் துளி விட்டப்போ என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். ‘ஒண்ணும் ஆகலையே தாத்தா’ என்று பதில் வந்தால், அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு நீங்களே நேரில் போங்கள். நானும் வருகிறேன்.